என் கையெழுத்தில் எட்டுச் சீட்டு

எனக்கு எடைமேடையில் வேலை. லாரி வந்து மேடையில் நிற்கும். திரையில் எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். நின்ற எண்ணைச் சீட்டில் ஏற்றி ஜன்னல் வழியாக நீட்டுவேன். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். முதலில் அரியலூரில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு. இப்போது பாடாலூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் ஏற்றி வரும் வண்டிகளுக்கு. நான் ஒரு நாளில் பேசுகிற பேச்சை எழுதினால் அரைப் பக்கம் தேறாது. "வண்டிய கொஞ்சம் முன்னால எடுங்க." "போதும், நிறுத்துங்க." "சீட்டு." டிரைவர்களின் முழங்கைகள் எனக்கு நன்றாகத் தெரியும். முகங்கள் தெரியாது, லாரியின் ஜன்னல் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது.

எடையைக் கூடக் குறையப் போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு, சட்டையைப் பிடித்துக் கேட்டவர்களும் உண்டு. ஒருமுறைகூட நான் மாற்றிப் போட்டதில்லை. இதைப் பெரிய யோக்கியதை என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒரு வறட்டுப் பிடிவாதம், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் நான் வளைந்து கொடுக்கிறவன்.

என் மனைவி அரியலூரில் இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள், பதினோரு நாளில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. முதலாளி பாடாலூர்ப் பக்கம் புதிதாக ஓர் எடைமேடை போட்டபோது, போகிறாயா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். அரியலூரில் இருக்கும் என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டுத் தெரியாத ஊர்ல போயி என்னடா பண்ணுவ?" என்றாள். தெரியாத ஊர்தான் எனக்கு வேண்டியிருந்தது. தெரிந்த ஊரில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அது ஆத்திரமாக வந்தது. உச்சுக் கொட்டவும் ஆளில்லாத ஊரில் இருப்பது இன்னொரு விதமான கஷ்டம் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

பெண்டாட்டி இல்லாத ஆண்பிள்ளை வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். ஊர் கெட்டது என்று அர்த்தமில்லை. ஊர் அப்படி. தண்ணீர் வந்தால் தெருவில் உள்ள பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது குரல் தானாகத் தணிந்துவிடும். ஆண்கள் டீக்கடையில் பேசுகிற நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் தாய்மார்கள்தான் வருவார்கள். அவர்கள் எல்லாம் ஒரு பக்கம் தரையில் உட்கார, நான் ஒருவன் மட்டும் கரும்பலகை ஓரமாக நின்றுகொண்டிருப்பேன். நாற்காலி போடட்டுமா சார் என்று டீச்சர் கேட்பார். வேண்டாங்க என்பேன். ஒவ்வொரு கூட்டத்திலும் இது தவறாமல் நடக்கும்.

எங்களோடு பழகிய ஒரே வீடு எதிர்வீடு. அதுவும் தலைமுடியால் வந்த பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் வைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அரியலூரில் இருந்தவரை அக்கா பார்த்துக்கொண்டாள். இங்கே வந்த முதல் வாரம் நான்தான் பின்னினேன். என்ன பின்னல் அது! ஒரு சடை காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. வகுப்பில் ஒரு பிள்ளை அதை வெங்காயத் தாள் என்று சொல்லிவிட்டதாம். மகள் அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் காலை நான் வாசலில் உட்கார்ந்து மறுபடியும் சீப்போடு போராடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா தெருவைத் தாண்டிச் சத்தம் கொடுத்தார்.

"அண்ணே, அதுக்குப் பேரு சடையாண்ணே? புள்ளைய இங்க அனுப்புங்க. ஒண்ணுக்குப் பின்றேன், இன்னொண்ணுக்குப் பின்ன மாட்டனா?"

அவருக்கும் அதே வகுப்பில் ஒரு மகள். அன்றிலிருந்து மூன்று வருடம், பள்ளிக்கூடம் உள்ள எல்லா நாளும், காலை எட்டு மணிக்கு என் மகள் சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவாள். இரண்டு பிள்ளைகளும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவரை அத்தை என்று கூப்பிடச் சொல்லி நான் சொல்லித் தரவில்லை. அவளாகவே கூப்பிட்டாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவர் அவளுக்கு அத்தைதானே.

அந்த வீட்டுக்காரர்களுக்கு வெங்காயப் பட்டறை இருந்தது. வயலிலிருந்து வரும் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவைத்து, தாள் அறுத்து, சுத்தம் செய்து மூட்டை பிடிக்கும் கொட்டகை. ஊரில் பாதிப் பெண்களுக்கு அங்கேதான் வேலை. அவர்கள் வெங்காய வண்டி என் மேடைக்குத்தான் எடைக்கு வரும். சீட்டில் நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அந்தச் சீட்டுகளை வரிசையாக ஒரு கம்பியில் குத்தி வைப்பது எதிர்வீட்டு அம்மாதான். இதைச் சும்மா சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

போன வருடம் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். கேட்டால் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மாதான், "கெளம்புங்கண்ணே, நானும் வரேன்" என்று பஸ்ஸில் எங்களோடு பெரம்பலூர் வந்தார். பட்டறை வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மகளிடம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "காலைல எட்டரைக்குப் போற பொண்ணு, சாயங்காலம் வர்ற வரைக்கும் ஒண்ணுக்கே போறதில்ல. போக வேண்டி வந்துடுமேன்னு தண்ணியே குடிக்கறதில்ல. அப்பா நீங்க கவனிக்கறதில்லையா?" என்று கேட்டார்.

கவனித்தேன். அதுதான் கொடுமை. தினமும் சாயங்காலம் அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கழுவுகிறவன் நான். காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே கழுத்துவரை தண்ணீர் இருக்கும். பிள்ளைக்குத் தாகம் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று செடிக்கு ஊற்றிவிடுவேன். முழு பாட்டில் என்ன சொல்கிறது என்று ஒரு தாய்க்குத் தெரிந்திருக்கும். எடை போடுகிறவனுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்குக் கதவைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாமே என்றேன். அவள் இடைவேளைக்குப் பட்டறைக்கு ஓடிப்போய்விட்டு வந்துவிடுவாளாம், பக்கத்தில்தானே. இதையெல்லாம் மகள் டாக்டரம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எதிர்வீட்டு அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கினாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று போனேன். கரும்பலகை ஓரமாக நின்றேன். வாயைத் திறக்க முடியவில்லை. அத்தனை பெண்களுக்கு நடுவில், ஓர் ஆண்பிள்ளை எழுந்து பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் பற்றிப் பேசுவது எப்படி? தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தேன். டீச்சர் நாற்காலி போடட்டுமா என்று கேட்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் அடிக்கிறவர். கிழக்குத் தெரு. அந்தத் தெருவில் முந்திய தலைமுறை முழுக்க மற்றவர் வயலில் கூலி. இவர் புடவைக்கு மேலே பங்க் சட்டையைப் போட்டபடியே, வேலைக்கு நடுவில் வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைத் தலைமை ஆசிரியரின் மேசைமேல் வைத்தார்.

"சார், இந்த வாளிய நான் வாங்கிட்டு வந்துட்டேன். இதுல ஊத்தத் தண்ணி எங்கேர்ந்து வரும்னு மட்டும் சொல்லுங்க. எம்பொண்ணு காலைலேர்ந்து அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கு. உங்க வூட்டுப் புள்ளைன்னா சும்மா இருப்பீங்களா?"

முன்வரிசையில் முகம் சுளித்தார்கள். வெளியே வந்ததும் எதிர்வீட்டு அம்மா என்னிடம், "இதையெல்லாமாண்ணே நடுக் கூட்டத்துல பேசறது? அசிங்கமா இல்ல?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இந்த நிலையில்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. தலைவராக ஒரு தாய்தான் வர முடியும் என்பது விதி. ஓட்டுப் போட அப்பாக்களுக்கும் உரிமை உண்டு. வழக்கமாக எங்கள் ஊரில் இதற்குத் தேர்தல் என்று பேர்தான். தலைமை ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்வார், எல்லோரும் கை தட்டுவார்கள், ஒருமனதாக என்று எழுதிக்கொள்வார்கள், டீயும் மிக்சரும் வரும். இந்த முறை எதிர்வீட்டு அம்மாவின் பெயர் பேச்சில் அடிபட்டது. அவரும் ஆசைப்பட்டார். ஆண்டு விழா மேடையில் தலைவர் என்று நாற்காலி போடுவார்கள், பட்டறையில் உட்கார்ந்த உடம்புக்கு ஒரு நாள் அப்படி உட்கார வேண்டும் என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த ஆசையில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்த முறை பங்க் அம்மாவும் நிற்பதாகச் சொல்லிவிட்டார்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொரு தாய்க்கும் குங்குமம் கொடுத்து, நாளைக்கு மறக்காமல் வந்துவிடு என்று சொல்லிக்கொண்டு வந்தார். என் வாசலுக்கும் வந்தார். தட்டை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். குங்குமத்தை யாருக்குக் கொடுப்பது? எனக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து மகள் வந்தாள். அவர் அவளுடைய நெற்றியில் வைத்துவிட்டு, வெற்றிலையை என் கையில் கொடுத்தார்.

"உங்க ஓட்டைக் கேக்க வேண்டியதே இல்லண்ணே. இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதான் வந்தேன்."

"நான் போடாம யாரு போடுவா?" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து, மகளின் முழு பாட்டிலைக் கழுவினேன்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்காகப் போட வேண்டும் என்றால் பங்க் அம்மாவுக்குத்தான். மகளின் சடைக்காக, பெரம்பலூர் பஸ்ஸில் அவளை மடியில் போட்டுக்கொண்டு வந்த அந்தக் கைக்காக என்றால் எதிர்வீட்டுக்குத்தான். பேசுவதற்கு ஊரில் பத்து வீடு இருக்கிறவன் ஒன்றை இழக்கலாம். என்னிடம் இருந்தது ஒன்று. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரே கூட்டம். தலைமை ஆசிரியர் நல்லவர், ஆனால் ஒரு தப்புச் செய்தார். "இது கட்சித் தேர்தல் இல்ல. அதனால சின்னமெல்லாம் கெடையாது. யாருக்குன்னு பேரைச் சீட்டுல எழுதி, நாலா மடிச்சுப் பெட்டில போடுங்க" என்றார். கூட்டம் கலவரமாகிவிட்டது. சின்னம் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் ஓட்டுப் போட்டதே இல்லை. "வாளின்னு போட்டுக்கவா சார்?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வயதான அம்மா, "சின்னத்தக் காட்டாம ஓட்டுப் போடுன்னா, முகத்தக் காட்டாம தாலி கட்டற மாதிரில்ல இருக்கு" என்றார். எழுதத் தெரியாதவர்கள் சிலர். எழுதத் தெரிந்தும், தன் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தவர்கள் சிலர். டீச்சர்கள் எழுதித் தரக் கூடாது, அவர்கள் பொதுவானவர்கள்.

"எடைமேடை சார் இருக்காரே" என்றார் தலைமை ஆசிரியர். "அவரு எழுதித் தரட்டும். ஒரு கிலோகூட மாத்தி எழுதாத மனுசன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாதான் முதலில், "ஆமா, எங்கண்ணன் எழுதட்டும்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு அறையில் ஜன்னல் ஓரம் ஒரு பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். முதல் முறையாக அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தேன்.

ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். மூன்று வருடமாக என் வாசலில் குரலைத் தணித்துக்கொண்டு போனவர்கள், ஒவ்வொருவராகக் குனிந்து என் காதருகே வந்து பேசினார்கள். அவர்கள் விரல்களில் வெங்காய வாசனை அடித்தது. யாரும் என் காதருகே வந்து பேசி எத்தனை காலமாயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது. வெங்காயம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அம்மாவின் பெயரைச் சொன்னார். எழுதினேன். இரண்டாவதாக வந்த பெண் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே எதிர்வீட்டு அம்மா நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் சத்தமாக, "நம்ம அக்காவுக்கே போடுங்க சார்" என்றாள். நான் பேனாவை வைத்தேன். அவள் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு, "பங்க்கு அம்மாவுக்கு எழுதுங்க சார். எம்பொண்ணும் அங்கதான் படிக்குது" என்றாள்.

சத்தமாகச் சொன்னது ஊருக்கு. மெதுவாகச் சொன்னது எனக்கு. நான் பங்க் அம்மாவின் பெயரை எழுதி, மடித்துக் கொடுத்தேன்.

இப்படி ஏழில் ஐந்து பேர். இவளைத் தவிர மூன்று பேர் மெதுவாக மட்டும் சொன்னார்கள். ஒருத்தி சொல்லவேயில்லை, தெருவில் நிறுத்தியிருந்த பங்க் அம்மாவின் ஸ்கூட்டியைக் கண்ணால் காட்டிவிட்டு, "அவங்களுக்குத்தானே?" என்று நான் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தாள். இரண்டு பேர் எதிர்வீட்டுக்கு.

கடைசியாக என் சீட்டு. ஐந்து கூலிக்காரப் பெண்கள், நாளைக்கு வேலை உண்டா என்ற பயத்தோடு, தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயமும் இல்லை. எழுதுகிறவன் நான், மடிக்கிறவன் நான், யாரும் பார்க்கப் போவதில்லை. நான் எதிர்வீட்டு அம்மாவின் பெயரை எழுதினேன்.

ஏன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். வாசலில் நின்று என்னைப் பார்த்து அவர் சிரித்தார். அவ்வளவுதான் காரணம். எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டை நான் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

தலைமை ஆசிரியர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, உயர்த்திக் காட்டிப் படித்தார். எதிர்வீட்டு அம்மா மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். முதலில் சிரிப்போடுதான் நின்றார். பங்க் அம்மாவின் பெயர் என் எழுத்தில் முதல் முறை வந்தபோது சிரிப்பு குறைந்தது. கம்பியில் குத்திக் குத்தி அவருக்குப் பழக்கமான எழுத்து. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தபோது திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்தில் எட்டுச் சீட்டு. ஐந்து அங்கே, மூன்று இங்கே. மொத்தத்தில் நான்கு ஓட்டு வித்தியாசத்தில் அவர் தோற்றார்.

அன்று சாயங்காலம் அவர் என் வாசலுக்கு வந்தார். தட்டு இல்லை.

"ஏழு பேரும் எம் பட்டறைப் பொம்பளைங்க. எஞ்சோத்த சாப்புடறவங்க. அவங்க எனக்குப் போடாம இருப்பாங்களாண்ணே?"

நான் நின்றேன்.

"ஒண்ணு, அஞ்சு பேரு யாருன்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன். இல்லன்னா நீங்க மாத்தி எழுதிட்டீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நான் பாத்துக்கறேன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை பட்டறை வாசலில் ஐந்து பேர் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். உங்கள் பெயரை எழுதிய ஒரு சீட்டு என்னுடையது என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாரா? நம்பினால், அடுத்த நிமிடம் ஐந்து பேர் யார் என்றுதான் கேட்பார். மாற்றி எழுதவில்லை என்று சத்தியம் செய்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது.

"மூணு வருசம் உங்க புள்ளைக்குத் தலை பின்னி விட்டனேண்ணே" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். தெருவைக் கடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு மகள் வழக்கம்போல சீப்பும் ரிப்பனுமாகப் போனாள். உடனே திரும்பி வந்தாள். அத்தை திட்டவில்லையாம். "நேரமாயிடுச்சு, உங்கப்பாவப் பின்னி விடச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம். எதிர்வீட்டுப் பெண்ணின் தலை பாதிதான் பின்னியிருந்தது என்றும் சொன்னாள்.

நான் பின்னினேன். கோணலாகத்தான் வந்தது.

வெங்காய வண்டி இப்போது நான்கு கிலோமீட்டர் தள்ளி வேறு எடைமேடைக்குப் போகிறது. நான் மாற்றி எழுதிவிட்டேன் என்று ஊரில் பேச்சு, பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஐந்து பேராவது என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள்தான் என்னை அதிகமாகத் தவிர்த்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருந்தது. கூப்பிட்டு, பயப்படாதேம்மா என்று சொல்ல ஆசைப்பட்டேன். அதைச் சொன்னால் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

பங்க் அம்மா சொன்னதைச் செய்தார். ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். இரண்டு மாதத்துக்குள் கழிப்பறைக்குப் புதுக் கதவு, தாழ்ப்பாள், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு நாள் மத்தியானம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு எடைமேடையில் நான் உட்காரும் கூண்டின் ஜன்னலுக்கு வந்தார். லாரி டிரைவர்கள் தவிர அந்த ஜன்னலுக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

"ஊர்ல என்னென்னமோ பேசறாங்க சார். நீங்க மாத்தி எழுதுற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க ஓட்டு எனக்குத்தான் போட்டிருப்பீங்கன்னும் தெரியும். அன்னிக்கு மீட்டிங்குல நான் வாளிய வச்சப்போ உங்க மொகத்தப் பாத்தேன் சார். பெத்தவங்க மொகம் பெத்தவங்களுக்குத் தெரியாதா?"

நான் சீட்டு மிஷினைப் பார்த்துக்கொண்டு, "நல்லதும்மா" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னாலே ஒரு லாரி ஹாரன் அடித்தது. வண்டியை முன்னால் எடுக்கச் சொன்னேன்.

இப்போது சாயங்காலம் பையைத் திறந்தால் பாட்டில் காலியாக இருக்கிறது. சில நாள் மூடியைக்கூடச் சரியாக மூடாமல் கொண்டுவருகிறாள். கழுவி வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டாவது சீட்டு ஞாபகம் வருகிறது.

போன வாரம் காலையில் வாசலில் உட்கார்ந்து அவளுக்குப் பின்னிக்கொண்டிருந்தேன். என் கை கொஞ்சம் தேறிவிட்டது. வகிடு நேராக வருகிறது, இரண்டு சடையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. எதிர்வீட்டில் அந்த அம்மா தன் மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்தார். இரண்டு வாசலுக்கும் நடுவில் தெரு பத்தடிகூட இருக்காது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை பேசாட்டிப் போவுதுப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க கிளாஸ்ல எல்லாரும் உங்கப்பாவாலதான் பாத்ரூம் வந்துச்சுன்னு சொல்றாங்க. நீங்க பங்க்கு அம்மாவுக்குத்தானே போட்டீங்க? எனக்காகத்தானேப்பா?"

இருபது வருடத்தில் நான் ஒரு கிலோகூட மாற்றிச் சொன்னதில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பப் போனாள். நான் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பாத. சடை கோணிடும்."